மூணாம் நாள் போன்

கம்பம் வண்டிதானக்கா இது? ஆண்டிபட்டிக்குள்ள போகும்ல? சரி, கொஞ்சம் தள்ளிக்கங்க. ஜன்னலெல்லாம் வேணாம், நீங்களே உக்காருங்க. எங்கிட்டு உக்காந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.

நீங்க எதுவரைக்கும்? சின்னமனூரா. அப்ப உங்களுக்கு இன்னும் தூரம் கெடக்கு. நெத்தி வெறுமையா இருக்கே, வேதக்காரங்களாக்கா? எங்க ஹாஸ்டல்ல ஒருத்தி இருக்கா, சர்ச்சுக்குப் போறவ, அவளும் பொட்டு வைக்க மாட்டா, பூ வைக்க மாட்டா. சும்மாதான் கேட்டேன். பதில் சொல்லணும்னு இல்ல.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? தெரிஞ்சவங்ககிட்ட கேக்க முடியல. தெரிஞ்சவங்க ஆளுக்கொரு பதிலை முன்னாடியே வச்சிருக்காங்க. அம்மாகிட்ட கேட்டா வேலையை விட்டுறாதேன்னு சொல்லும். ஹாஸ்டல்ல கேட்டா முதல்ல விட்டுத் தொலைடிம்பாளுக. நீங்க யாரோ, நான் யாரோ. ஆண்டிபட்டியில நான் இறங்கிப் போயிருவேன். அதுக்குள்ள விடவா, இருக்கவான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும், அதையே செஞ்சிருவேன். விளையாட்டுக்குச் சொல்லலக்கா. எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. ரெண்டு வாரமா யோசிச்சுப் பாக்குறேன், யோசனையே வர மாட்டேங்குது.

ஆமா, அங்கதான் வேலை. இந்த நீலக் கயித்தப் பாத்துட்டீங்களா? கார்டைக் கழட்டிப் பைக்குள்ள போட்டேன், கயிறு வெளிய தொங்குது. ஆஸ்பத்திரி பேரைச் சொல்லவே வேண்டியதில்ல, இந்தக் கயித்த வச்சே மதுரையில இருந்து கம்பம் வரைக்கும் கண்டுபிடிச்சிருவாங்க. நீங்களும் வந்திருக்கீங்களா? யாருதான் வரல. வீட்டுக்கு ஒருத்தராவது வந்துட்டுப் போயிருப்பாங்க.

நர்ஸெல்லாம் இல்லக்கா. நான் பி.காம். போன் பண்றதுதான் என் வேலை. மூணாவது மாடியில லிஃப்டுக்குப் பின்னாடி ஒரு ரூமு. நாலு பேரு இருப்போம். ஏசி உண்டு. சேரு சுத்தும். எங்கம்மா ஊரு பூராவும் சொல்லி வச்சிருக்கு, எம்மக சுத்துற சேர்ல உக்காந்து வேலை பாக்குறான்னு. நான் ஒரு நாள்கூட அதைச் சுத்திப் பாத்ததில்ல.

வேலை என்னன்னா, ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போறாங்கல்ல, அவங்களுக்கு மூணாம் நாள் கூப்பிட்டுப் பத்துக் கேள்வி கேக்கணும். இப்ப எப்படி இருக்காங்க, டாக்டர் நல்லா விளக்கிச் சொன்னாரா, கூப்பிட்டவுடனே நர்ஸ் வந்தாங்களா, பாத்ரூம் சுத்தமா இருந்துச்சா, சாப்பாடு எப்படி. இப்படிப் பத்து. முதல் கேள்வியைத் தவிர ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க்கு. கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டர்ல டிக் அடிக்கணும். ஒண்ணுக்கு டிக் அடிக்காம அடுத்த கேள்வி திறக்காது. கடைசிக் கேள்வி, உங்க சொந்தக்காரங்ககிட்ட எங்க ஆஸ்பத்திரியைப் பத்திச் சொல்லுவீங்களான்னு. அதுக்கு மார்க் கிடையாது, ஆமா இல்லைதான். ஒரு நாளைக்கு நூறு பேரு. முடிக்கிறப்ப ஒரு வரி படிக்கணும், "விரைவில் பூரண நலம் பெற வாழ்த்துகிறோம்"னு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

இதுல என்ன கஷ்டம்னு கேப்பீங்க. ஒரு கஷ்டமும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். எங்க லிஸ்ட்ல டிஸ்சார்ஜ்னா பெட் காலியாயிருச்சுன்னு அர்த்தம். நடந்து போனாலும் டிஸ்சார்ஜ்தான். தூக்கிட்டுப் போனாலும் டிஸ்சார்ஜ்தான்.

புரியுதுல்ல?

சேந்து பத்து நாள் இருக்கும், புரட்டாசி மாசம். திருமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் போனை எடுத்தாரு. லிஸ்ட்ல பேரு அவரு சம்சாரத்துது. எப்படி இருக்காங்க ஐயான்னு கேட்டேன். "ம்"னாரு. நான் "நல்லா"ன்னு டிக் அடிச்சேன். டாக்டர் நல்லா பேசுனாரான்னேன். பேசுனாரு தாயின்னாரு. நர்ஸ் வந்தாங்களா, வந்தாக. பாத்ரூம் சுத்தம், சுத்தந்தான். சாப்பாடு, அவ ஒண்ணும் சாப்பிடல, நாந்தான் சாப்பிட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. பின்னாடி ஒரே சனக்கூட்டமா சத்தம் கேக்குது, நான் ஏதோ விசேஷ வீடுன்னு நெனச்சேன். ஒம்பது கேள்வி முடிச்சு, கடைசியா சொந்தக்காரங்ககிட்டச் சொல்லுவீங்களான்னு கேட்டேன், சொல்லுறேன் தாயின்னாரு. அப்புறம் நான் அந்தக் கடைசி வரியைப் படிச்சேன். விரைவில் பூரண நலம் பெறன்னு. அப்பத்தான் அந்த மனுஷன் சொன்னாரு, "அவ போயி மூணு நாளாச்சு தாயி. இப்பத்தான் பால் தெளிச்சுட்டு வந்து உக்காந்திருக்கோம்."

ஏன்யா முதல்லயே சொல்லலைன்னு கேட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து கேக்குறப்ப பதில் சொல்லணும்ல, நீ பாட்டுக்கு வரிசையா கேட்டுக்கிட்டே போனேன்னாரு. கோவமாவெல்லாம் இல்ல. சாதாரணமாத்தான் சொன்னாரு.

பாத்தீங்களா, நாங்க கூப்பிடுறது மூணாம் நாள். வீட்டுல பால் தெளிக்கிறதும் மூணாம் நாள். எந்த அதிகாரி உக்காந்து மூணாம் நாள்னு முடிவு பண்ணுனாரோ, அவரு ஊர்ல மூணாம் நாள் ஒண்ணும் கிடையாது போல. கரெக்டா மாமன் மச்சான் எல்லாம் கூடி இருக்கிற நேரத்துல போய் விழும் எங்க போனு. திட்டு வாங்காத வாரம் இல்ல. ஒரு அம்மா ஸ்பீக்கர்ல போட்டு விட்டாங்க, பந்தல்ல இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு வார்த்தை வஞ்சாங்க. அவங்க வையுற வரைக்கும் கேட்டுட்டு, விரைவில் பூரண நலம்னு வாய்ல வந்துருச்சு. பழக்கதோஷம்.

கம்ப்யூட்டரைப் பாத்துக்கிற தம்பிகிட்டச் சொன்னேன், செத்தவங்களுக்குத் தனியா ஒரு குறி வச்சிரலாம்லன்னு. வைக்கலாம்க்கா, ஆனா வைக்க விட மாட்டாங்கன்னான். அப்படி வச்சா மாசக் கடைசியில எத்தனை பேருன்னு ஒரு லிஸ்ட்டு வந்து நிக்கும்ல. அது யாருக்கும் வேண்டியதில்ல.

செக்கானூரணி தாண்டிருச்சா? நான் கவனிக்கவே இல்ல.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். அமரர் ஊர்தி ஓட்டுற அற்புதராஜ் அண்ணன் காலையில கேட்டுப் பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு நிப்பாரு. அவருகிட்டப் போயி, அண்ணே முந்தாநாள் எத்தனை சவாரின்னு கேப்பேன். அவருக்கு யாரு பேரும் தெரியாது, ஊருதான் தெரியும். "ஒண்ணு மேலூரு, ஒண்ணு பேரையூரு, ஒண்ணு ஆவியூரு"ம்பாரு. நான் போயி லிஸ்ட்ல அந்தந்த ஊருக்கு நேரா பென்சில்ல கோடு போட்டுருவேன். அவங்களைக் கூப்பிடுறது இல்ல. மனசாட்சிப்படி செஞ்சதுக்கா. ரூம்ல மத்த மூணு பேரும் செய்யல, நான் மட்டும்தான் செஞ்சேன்.

ஒரு தடவை மாறிருச்சு. பேரையூர்ல இருந்து ஒரே நாள்ல ரெண்டு பேரு. உசுரோட இருக்கிறவருக்குக் கோடு போட்டுட்டு, போனவரு வீட்டுக்குப் போன் போட்டுட்டேன். அதுக்கப்புறம் அண்ணன்கிட்ட ஊரோட ஆம்பளையா பொம்பளையான்னும் சேத்துக் கேட்டுக்குவேன். வேலைன்னா பழகப் பழக சரியாயிரும்.

கோடு போட்டுக்கிட்டே வந்தேனா, மாசக் கடைசியில என் கணக்கு குறைஞ்சுபோச்சு. நூறு பேருக்குத் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பதுன்னு நிக்குது. சுகந்தி மேடம் கூப்பிட்டாங்க. எங்களுக்கு மேல அவங்கதான். கெட்டவங்க இல்ல, என்னைய மாதிரியே போன்ல ஆரம்பிச்சு வந்தவங்க. ஏன் ரஞ்சனி பாதியில விடுறேன்னாங்க. விஷயத்தைச் சொன்னேன். அவங்க என் லிஸ்ட்டை வாங்கிப் பென்சில் கோட்டையெல்லாம் பாத்தாங்க. அப்புறம், "எனக்கு நூறு வேணும். எப்படிங்கிறதை நான் கேக்க மாட்டேன்"னாங்க.

அதுக்கு வேற என்னக்கா அர்த்தம்? நானே போட்டுட்டேன்.

ஆமா, நானேதான். கூப்பிடாமயே. முதல் கேள்வி, இப்ப எப்படி இருக்காங்க. மூணுதான் இருக்கும், நல்லா, பரவாயில்ல, சிரமம். சிரமம்னு போட்டா டாக்டருக்குச் சிவப்பா காட்டும், அவரு திரும்ப அந்த வீட்டுக்குப் போன் பண்ணுவாரு. பரவாயில்லன்னு போட்டா பத்தாம் நாள் இன்னொரு போன் தானா லிஸ்ட்ல வரும். அதனால நல்லான்னு போட்டேன். அப்புறம் எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு. நாலு போட்டாக்கூட ஏன் நாலுன்னு காரணம் கேட்டு ஒரு பெட்டி திறக்கும். அஞ்சு போட்டா ஒண்ணும் கேக்காது. ஒரு ஆளுக்கு அரை நிமிஷம். அந்த வீட்டுக்காரங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் திட்டு இல்ல. எட்டு மாசத்துல இருநூத்திப் பதினேழு பேரு. அவங்க வீட்டுல எல்லாம் மூணாம் நாள் நிம்மதியா பால் தெளிச்சிருப்பாங்க. அதுக்கு நாந்தான் காரணம்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.

உசிலம்பட்டி வந்துருச்சு. பத்து நிமிஷம் நிப்பாட்டுவான். வெள்ளரிக்கா வாங்கவா? நான் வாங்கப் போறேன், உங்களுக்கும் சேத்து வாங்குறேன். ...இந்தாங்க. வேணாமா? மொளகாப்பொடி போடாம வாங்கிட்டு வந்திருக்கேன். சரி, இருக்கட்டும், நானே தின்னுக்குறேன். பசிக்கலதான், கையில இருந்தா தின்னுருவேன்.

எங்க விட்டேன்? ஆங், மார்க்கு. நீங்க நம்ப மாட்டீங்க, தை மாசம் எனக்குப் பரிசு குடுத்தாங்க. காரணம் என்னன்னா, நாலு பேர்ல என் லிஸ்ட்லதான் ஆஸ்பத்திரிக்கு மார்க் அதிகம். ஐசியூ, கேன்சர் வார்டு எல்லாம் எனக்குத்தான் குடுத்திருந்தாங்க. மத்த வார்டுல காய்ச்சல், பிரசவம்னு வந்தவங்கல்லாம் சாம்பார்ல உப்பில்ல, கொசுன்னு மார்க்கைக் குறைப்பாங்க. என் வார்டுல அஞ்சுக்கு அஞ்சு. பெரிய டாக்டர் கையால ஒரு சுவர்க் கடிகாரம். கான்ஃபரன்ஸ் ஹால்ல கைதட்டுனாங்க. தீவிர சிகிச்சைப் பிரிவுலதான் மக்கள் ரொம்பத் திருப்தியா இருக்காங்கன்னு ஒரு படம் போட்டுக் காட்டுனாங்க. சுகந்தி மேடம் மட்டும் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

சிரிக்கலாம்க்கா. ஹாஸ்டல்ல சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாளுக. நானும்தான் சிரிச்சேன்.

இப்ப பிரச்சினை என்னன்னா, என்னைய நிரந்தரம் பண்றாங்க. ட்ரெய்னிங் முடிஞ்சுருச்சு. சனிக்கிழமைக்குள்ள ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். போட்டா ரெண்டு வருஷம் எங்கயும் போக முடியாது. என் பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, எல்லா ஒரிஜினலும் அவங்ககிட்டதான் இருக்கு, சேர்றப்பவே வாங்கி வச்சுக்கிட்டாங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தானாம். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னா, நல்லபடியா சர்டிபிகேட்டு பைலைக் கையில குடுத்து அனுப்பிருவாங்க. நடுவுல ஏதாவது தகராறு பண்ணி வெளிய வந்தா அது எப்ப கைக்கு வரும்னு சொல்ல முடியாது. எனக்கு முன்னாடி இருந்த பிள்ளை ஒண்ணு இன்னமும் கேட்டுக்கு வந்து நின்னுட்டுப் போகுது. எங்கப்பாவும் ஜாமீன் கையெழுத்துப் போடணும், அதுக்குத்தான் ஊருக்குப் போறேன். போட்டு வாங்கிட்டு வரவா, அப்பாகிட்டக் காட்டாமயே திரும்பி வந்து வேணாம்னு சொல்லிரவா?

விட்டா என்ன செய்வேன்னு கேப்பீங்க. ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடையில ஆள் கேட்டாங்க. அங்க நின்னுக்கிட்டே இருக்கணும். ஏசி கிடையாது. ஆனா யாருக்கும் போன் பண்ண வேண்டியதில்ல, அவங்களா வருவாங்க, பேப்பரைக் குடுப்பாங்க, வாங்கிட்டுப் போயிருவாங்க.

வேலை பிடிக்கலையான்னா, பிடிக்கலைன்னும் இல்ல. அழுதுக்கிட்டுப் போறேன்னெல்லாம் நெனச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. எங்கம்மாதான் என்னமோ ஆயிருச்சு உனக்குங்குது. போன மாசம் எங்க பெரியம்மா தவறிருச்சு. சின்னப்பிள்ளையில என்னையத் தூக்கி வளத்ததே அவங்கதான், எங்கம்மா மில்லுக்குப் போயிரும். எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுகுறாங்க, நானும் போயி உக்காந்தேன். அழுகை வரல. பயணம் பண்ணி வந்த அலுப்பு. எங்கம்மா தொடையில நறுக்குன்னு கிள்ளுச்சு, ஊரு பாக்குது அழுடின்னு. அப்பவும் வரல. எங்க பெரியப்பா பக்கத்துல வந்து, "கடைசி வரைக்கும் உன்னையத்தான் தாயி கேட்டா"ன்னு சொன்னாரு. எனக்கு ஆள்காட்டி விரல் லேசா துடிச்சுச்சு. மவுஸை அமுக்குற விரல். அவரு சொல்லி முடிச்சுட்டாருல்ல, அடுத்ததுக்குப் போகணும்னு. அவ்வளவுதான், விரல் பழக்கம். அதைப் போயி ஹாஸ்டல்ல சொன்னேன், அன்னைக்குத்தான் அவளுக விட்டுத் தொலைன்னு ஆரம்பிச்சாளுக. இதுக்கெல்லாமா வேலையை விடுவாங்க?

நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க. ஏறுனதுல இருந்து நானே பேசிக்கிட்டு வாரேன். ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. விடவா, இருக்கவா?

என்னது?

மூணாவது கேள்வியா? எதுக்கு? கூப்பிட்டவுடனே நர்ஸ் வந்தாங்களா, அதானே மூணாவது. நாந்தான் முன்னாடியே சொன்னேனே. அதுக்கு நீங்க பதில் சொல்லணுமா? என்கிட்டயா?

புரியலைக்கா.

உங்க வீட்டுக்காரரா. எங்க ஆஸ்பத்திரியிலயா. எப்ப? பங்குனியில. ஐசியூல இருந்து வெளிய தனி ரூமுக்கு மாத்தி, அங்க. ம். சின்னமனூரு, ஆம்பளை.

இருங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு அற்புதராஜ் அண்ணன் ஒரு ஊருதான் சொன்னாரு. ஒத்தச் சவாரி, ரொம்ப தூரம், சின்னமனூரு, ஆண்டிபட்டிக் கணவாயில மழைன்னாரு. ஒண்ணே ஒண்ணுதானா, சீக்கிரம் முடிஞ்சுருச்சுன்னு நெனச்சேன். சீனியப்பன். வயசு அம்பத்தொண்ணு. சரியா? அப்ப நீங்க வேதக்காரங்க இல்ல.

நான் உங்களைக் கூப்பிடலைக்கா. அதான் சொன்னேன்ல, தொந்தரவு பண்ண வேணாம்னுதான்.

எதிர்பாத்துக்கிட்டு இருந்தீங்களா? எதை, எங்க போனையா?

யாரு சொன்னது, பில் கட்டுற இடத்துலயா? ஆமா, சொல்லுவாங்க, எல்லாருகிட்டயும் சொல்லச் சொல்லி ஆர்டரு. மூணாம் நாள் போன் வரும், குறை நிறை எதுவானாலும் அதுல சொல்லுங்கன்னு. அதை யாரும் காதுலகூட வாங்கிக்க மாட்டாங்களேக்கா. சும்மா சொல்லுறது அது.

பால் தெளிக்கப் போறப்பயும் போனை இடுப்புல சொருகி வச்சிருந்தீங்களா. கொழுந்தனாரு திட்டியும். மணி அடிச்சா கேக்காதுன்னு ஒப்பாரி வைக்க வந்தவங்களை வாசல்ல போய் உக்காரச் சொன்னீங்களா.

ம்.

நாலாம் நாளும்.

இல்ல, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தீங்களா? எதுக்கு? வீட்டை விட்டு இன்னைக்குத்தான் வெளிய விட்டாங்களா. வந்து நேர்ல சொல்லலாம்னு. யாரைப் பாத்தீங்க? கீழ, கண்ணாடி ரூம்ல. அவங்க என்ன சொன்னாங்க?

காட்டுங்க அதை. மடிச்சே இருக்கட்டும், நான் பிரிச்சுக்கிறேன்.

ஆமா. இது எங்க பேப்பர்தான். கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துக் குடுத்திருக்காங்க. நோயாளி இப்ப எப்படி இருக்கிறார், நல்லா. டாக்டர், அஞ்சு. கூப்பிட்டவுடன் செவிலியர் வந்தாரா, அஞ்சு. சுத்தம், அஞ்சு. உறவினர்களிடம் பரிந்துரைப்பீர்களா, ஆம். பதில் சொன்னவர் மனைவி. உங்க பேரு. கீழ போன் செய்தவர் எஸ். சிவரஞ்சனி.

இதைத்தான் உங்ககிட்ட நீட்டுனாங்களா. மூணாம் நாள் நீங்களே நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டு இப்ப வந்து மாத்திப் பேசுறீங்களேன்னு. எதுக்கும்மா, காசுக்கான்னு கேட்டாங்களா. அப்படிக் கேக்கச் சொல்லித்தான் குடுத்திருப்பாங்க, அந்தக் கண்ணாடி ரூம் பிள்ளைக்கும் அது வேலைதான். நீங்க என்ன சொன்னீங்க? பேப்பரை வாங்கிட்டு வந்துட்டீங்களா. உங்களுக்கே சந்தேகம் வந்துருச்சா, துக்கத்துல என்னமும் சொல்லித் தொலைச்சிட்டோமோன்னு.

இல்லக்கா. நீங்க சொல்லல.

நீங்க எதுவுமே சொல்லல. உங்களை யாரும் கேக்கல.

அப்ப நான் ஏறி உக்காந்து இந்தக் கயித்தப் பத்திச் சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு. ரஞ்சனின்னு பேரைச் சொன்னப்ப இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும். உசிலம்பட்டியில வண்டி நின்னுச்சுல்ல, இறங்கி வேற சீட்டுக்குப் போயிருக்கலாம். ஓங்கி ஒண்ணு விட்டிருக்கலாம். நான் பாட்டுக்கு அந்தக் கடிகாரத்தைப் பத்தியெல்லாம் சொன்னேன். சிரிங்கன்னு சொன்னேன்.

பேனா வச்சிருக்கீங்களா? இருங்க, எங்கிட்டயே இருக்கு.

இந்தப் பேப்பருக்குப் பின்னாடியே எழுதுறேன். வேற பேப்பர்ல எழுதுனா இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லம்பாங்க. "முன்பக்கத்தில் உள்ள பதில்களை நோயாளியின் மனைவி சொல்லவில்லை. நான் அவருக்குப் போன் செய்யவில்லை. நானாகப் போட்டேன்." இது போதுமா? இருங்க, இன்னும் ஒரு வரி. "இதுபோல் இருநூற்றுப் பதினேழு பேருக்குப் போட்டிருக்கிறேன்." இதையும் எழுதிருறேன். உங்க ஒருத்தருக்கு மட்டும்னா தப்பா விழுந்துருச்சும்மான்னு சொல்லி அனுப்பிருவாங்க. எனக்குத் தெரியும், அவங்க பேசுறதெல்லாம் எனக்குத் தெரியும். தேதி போட்டாச்சு. பேரு, அதுக்குக் கீழ என் நம்பரு, நீல கார்டுல இருக்கிற நம்பரு. இல்லாட்டி இது எந்த ரஞ்சனின்னு கேப்பாங்க. இதை ரெண்டு மூணு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டு ஒண்ணை மட்டும் குடுங்க. கண்ணாடி ரூம்ல குடுக்காதீங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு வாங்குவாங்க, அங்க போங்க.

இதுக்கப்புறம் என் சர்டிபிகேட்டு வராது. அது தெரிஞ்சுதான் எழுதுறேன். அப்பா கையெழுத்தும் வேண்டியதில்ல. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு இப்ப யோசிக்க வரல, பிறகு பாத்துக்கலாம். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு தெரியுதுக்கா. கேக்கணும். எனக்கு எதை எடுத்தாலும் எழுதிக் குடுத்ததைப் படிக்கிற மாதிரியே வருது, இதையும் அப்படிச் சொல்லிரக் கூடாதுன்னு பாக்குறேன்.

கையெழுத்து கொஞ்சம் கோணலா போயிருச்சு. பஸ்ஸு இந்த ஆட்டு ஆட்டுனா எப்படி எழுதுறது.

ஓ, நின்னுருச்சா. எந்நேரம் நின்னுச்சு? ஆண்டிபட்டியா?

இல்லண்ணே, நான் இறங்கல. ஆண்டிபட்டிக்கு எடுத்த டிக்கெட்டுதான், தெரியும். சின்னமனூருக்கு ஒண்ணு குடுங்க. ஆமா, இங்கிருந்து சின்னமனூரு.

சொல்லுங்கக்கா. தனி ரூமு. நீங்க மட்டும் கூட இருக்கீங்க. அவருக்கு மூச்சு வாங்குது, நீங்க பெல்லை அமுக்குறீங்க. அப்புறம்?